எடை போட்டவர்

"அப்போ சுவிட்சை அணைச்சா எல்லாத்தையும் மறந்துடும்னு சொல்ற?"

"எல்லாத்தையும். சுத்தமா. மறுபடி போட்டா அன்னிக்குத்தான் பொறந்த மாதிரி எழுந்து உக்காரும்."

"அந்த மாதிரி ஒரு ஆளை எனக்குத் தெரியும். எங்க முதலாளி."

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வந்திருந்தாள்; இங்கே சிரித்தால் அவர் அடுத்த கிண்டலுக்குத் தாவிவிடுவார், சொல்ல வந்தது அந்தரத்தில் நிற்கும். சாப்பாட்டு மேசையின் மேல் மடிக்கணினி, அதன் பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பென்டிரைவ், அதற்கும் பக்கத்தில் அவர் குடித்துவைத்த டீ கிளாஸ். பென்டிரைவை எடுத்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"ஆனா நாம முன்னாடியே எழுதி வெச்சது மட்டும் மறக்காது. அதுக்குப் பேருதான் ப்ரொஃபைல். அதுல என்ன எழுதியிருக்கோ, தினம் காலைல அதுவாவே எழுந்துக்கும். பட்டன் எங்க இருக்கணும், பிரின்டர் எது, மணி எத்தனை, முன்னாடி உக்காந்திருக்கற ஆளு யாரு, எல்லாம் அதுல இருக்கும். நடுவுல யாராவது மாத்தினாக்கூட அணைச்சதும் போயிடும். திரும்ப நான் எழுதினதுதான்."

"நீ எழுதினதுதான் கடைசி."

"ஆமா."

"சரிங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு அவர் டீ கிளாஸைக் கழுவ எழுந்து போனார்.

அவர் எடைமேடைக்காரர். கல்குவாரிச் சாலை நெடுஞ்சாலையோடு சேரும் இடத்தில், ஒரு குளியலறை அளவுக்கு இருக்கும் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, லாரிகளை எடை போடுகிறவர். லாரி இரும்புத் தட்டின் மேல் ஏறும். சிவப்பு எண்கள் கொஞ்ச நேரம் பேய் பிடித்ததுபோல ஆடி, பிறகு அடங்கும். அடங்கியதும் அவர் ஒரு பட்டனை அழுத்த, பிரின்டர் கிர்ரென்று கத்திக்கொண்டு ஒரு சீட்டைத் துப்பும். சரக்கோடு வரும்போது ஒரு தடவை, காலியாகத் திரும்பும்போது ஒரு தடவை. ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது தடவை அந்த அறை முழுக்கக் குலுங்கும். கண்ணாடி ஜன்னல், மேசை, பேனா நிற்கும் டம்ளர், மேசைக்கடியில் இருக்கும் கணினி, எல்லாம். அதனால்தான் அங்கே எந்த ஹார்டு டிஸ்க்கும் எட்டு மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை. ரிப்பேர் பார்க்க வந்தவர் மூன்றாவது டிஸ்க்கைக் கழற்றும்போது, "அண்ணே, இது கம்ப்யூட்டர் வெக்கற இடமே இல்ல, பூகம்பம் வெக்கற இடம்," என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதை அவர் வீட்டில் வந்து சொல்லிச் சிரித்த அன்றுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. டிஸ்க்கே இல்லாமல் ஓட்டினால்? ஒரு பென்டிரைவில் லினக்ஸ் இயங்குதளத்தை முழுதாகக் கட்டி, காலையில் அது அப்படியே நினைவகத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டால், குலுங்கினால் என்ன, குதித்தால்தான் என்ன?

யோசனை வந்தால் அவளால் உட்கார முடியாது. இருபத்தொரு வயது, கல்லூரியில் கடைசி வருஷம், கால் தரையில் பாவாது. எதற்குக் கூப்பிட்டாலும் "அரை நிமிஷம், இதோ," என்று சொல்வாள். அந்த அரை நிமிஷத்துக்குள் வேறு மூன்று வேலையை ஆரம்பித்திருப்பாள். அதனால் அம்மா வைத்த பெயர் அரைநிமிஷம். இப்போது தெருவிலும் அதுவே நிலைத்துவிட்டது. முதலாளியிடம் அவளே போய் நின்று, "ஒரு வாரம் டைம் குடுங்க சார், சரியா வரலேன்னா நீங்க வேற ஆளைப் பாருங்க," என்று கேட்டு வாங்கியிருந்தாள். முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சீட்டின் அடியில் எடை போட்டவர் பெயர் வர வேண்டும். போன மாதம் ஒரு தகராறில், அந்தச் சீட்டைப் போட்டது பகல் ஆளா, இப்போது வேலையை விட்டுப் போய்விட்ட சாயங்கால ஆளா என்று யாருக்கும் தெரியாமல் போய், முதலாளி ஒரு முழு நாள் வாசல் வாசலாக நிற்க வேண்டியிருந்ததாம்.

பெயர். அவளுடைய தலைவலியே அதுதான்.

அம்மாவை அவர் கல்யாணம் செய்துகொண்டு நான்கு வருஷம் ஆகிறது. வந்த முதல் நாளே, பெட்டியைக்கூடத் திறக்காமல், அவர் அவளிடம் சொன்னார்: "உனக்கு எப்படி வருதோ அப்படிக் கூப்பிடு. ஒண்ணும் வரலேன்னா கூப்பிடாமலே இரு. நான் பக்கத்துலதான் எங்கயாவது இருப்பேன்." அவளுக்கு ஒன்றும் வரவில்லை. மாமா என்று சொல்லிப் பார்த்தாள், கண்ணாடி முன்னால். யாரோ கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவரைக் கூப்பிடுவதுபோல இருந்தது. சார் என்றால் வருகைப் பதிவேடு கண்ணில் வந்தது. அங்கிள் என்றால் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். மிச்சமிருந்த ஒரு சொல்லை அவள் தொடவில்லை. அது வேறு ஒருவருடையது. அவளுக்கு எட்டு வயதாகும்போது இறந்துபோன, லேத் பட்டறை எண்ணெய் வாசனையோடு வீட்டுக்கு வந்து அவளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த ஒருவருடையது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் விண்ணப்பப் படிவங்களில் மட்டும்தான் பயன்படுத்தினாள். அதுவும் "இல்லை" என்று பக்கத்தில் எழுதுவதற்கு.

ஆகவே நான்கு வருஷமாக அவள் கூப்பிடாமலே குடும்பம் நடத்தினாள். அது லேசுப்பட்ட வித்தை இல்லை. அவர் இருக்கும் அறைக்குள் போய், அவர் நிமிர்ந்து பார்க்கும் வரை எதையாவது தேடுவாள். "இங்க பாருங்க," "கேட்டுதா," "சாப்பாடு ஆறுது," என்று காற்றைப் பார்த்துச் சொல்வாள். அவசரமென்றால், "அம்மா, அவங்ககிட்ட சொல்லு," என்பாள், அவர் இரண்டடி தூரத்தில் நின்றாலும். அம்மா ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. "அவங்களுக்கும் காது இருக்குடி," என்று மட்டும் சொல்லிவிட்டு, சேதியைச் சேர்ப்பித்துவிடுவாள். கைபேசியில் அவர் எண்ணை எடைமேடை என்று பதிந்து வைத்திருந்தாள். ஒருமுறை வகுப்பில் அது அடித்தபோது பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து, "ஏய், எடைமேடை உனக்கு எதுக்குடி போன் பண்ணுது, வெயிட் போட்டுட்டியா?" என்று கேட்டாள். சிரித்துச் சமாளித்தாலும் அன்றைக்கு முழுக்க அவளுக்கு என்னவோபோல இருந்தது.

ப்ரொஃபைல் எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, ஒரு ஆளைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று. எந்தக் கையால் வேலை செய்வார்? எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தால் கண் சுருக்காமல் படிப்பார்? எது கண்ணில் பட்டால் குழம்புவார்? அவரிடமே கேட்டாள்.

"திரையில என்னென்ன இருக்கணும்?"

"ஒரு பட்டன். பெரிசா."

"வேற?"

"வேற ஒண்ணும் வேண்டாம். இதுல சீட்டாட்டம் இருக்குமா?"

"இருக்கும். வேணுமா?"

"எடுத்துடு. எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல."

எடுத்துவிட்டாள். வேண்டாத மென்பொருள்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து அடிக்க அடிக்க, பொட்டலம் இளைத்துக்கொண்டே வந்தது. முதலில் பொது என்று ஒரு ப்ரொஃபைல்: விசைப்பலகை, நேரம், தமிழ் எழுத்துரு, எல்லோருக்கும் பொதுவானவை. அதிலிருந்து பிறக்கும் பிள்ளைகள் இரண்டு. ஒன்றின் பெயர் எடைமேடை, இன்னொன்று வீடு. வீட்டில் இருக்கும் பழைய மடிக்கணினியிலும் டிஸ்க் போய்விட்டிருந்தது. இரண்டையும் ஒரே கையோடு கட்டிவிடலாம் என்று திட்டம். எடைமேடைக்காக அவளே இருநூறு வரியில் ஒரு நிரல் எழுதினாள். தராசிலிருந்து வரும் கம்பி வழியாக எண்ணைப் படித்து, கணினியைப் பயன்படுத்துகிறவரின் பெயரை எடுத்து, இரண்டையும் சீட்டில் அச்சடிக்கும். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானுக்கு நான்கு நாள் ஆனது.

முதலில் வீடு ப்ரொஃபைலைத்தான் எழுதினாள். அதில் மூன்று பேர். முதல் ஆளுக்கான முழுப்பெயர் இடத்தில் அம்மா என்று அடித்தாள். அடுத்ததில் அரைநிமிஷம். மூன்றாவதை வெற்றாக விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டச் சொல்லி பில்ட் கொடுத்தாள். நாற்பது நொடி ஓடிவிட்டு, பெயர் இல்லாத ஆளை வைத்துக்கொண்டு மேலே போக முடியாது என்று சிவப்பில் ஒரு வரி சொல்லி நின்றுவிட்டது. அவளுக்கு எரிச்சல். சோதனைக்கு எடுத்து வந்திருந்த பழைய பிரின்டர் வேறு பக்கத்தில் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. அம்மா என்ற வரிக்குக் கீழே, வீடுகளில் எல்லோரும் எழுதுகிற மாதிரி, விரல் தானாகப் போய் அப்பா என்று அடித்தது. பில்ட் சமர்த்தாக ஓடியது. அவள் அந்த வரியை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம், இது சும்மா சோதனைக்குத்தானே என்று நினைத்தாள். உள்ளுக்குள் எதுவோ ஒன்று கொஞ்சம் நெளிந்தது. அது நெளிந்து முடிப்பதற்குள் அவள் பிரின்டரிடம் போய்விட்டாள்.

எடைமேடை ப்ரொஃபைலுக்கும் ஒரு ஆள் தேவைப்பட்டபோது, வீட்டிலிருந்த அந்த மூன்றாவது ஆளின் எட்டு வரிகளை அப்படியே வெட்டி அங்கே ஒட்டினாள். கடவுச்சொல், அனுமதி எல்லாம் சரியாக இருந்ததல்லவா, திரும்ப எதற்கு அடிப்பது?

ஞாயிற்றுக்கிழமை எடைமேடை மூடியிருக்கும்போது அங்கே போய்ச் சோதித்தாள். இயங்கியது, எண் வந்தது, சீட்டும் வந்தது. ஆனால் காகிதம் ஓர் அங்குலம் முன்னதாகவே கிழிந்து, கடைசி வரி அடுத்த சீட்டின் தலையில் போய்ப் பாதி மையாக அப்பிக்கொண்டது. எது வர வேண்டுமென்று முதலாளி நிபந்தனை போட்டாரோ அந்த வரி. அதை ஒரு தடவைகூட அவள் முழுதாகப் படிக்கவில்லை. வீட்டுக்கு வந்து காகித நீளத்தைத் திருத்தி, மறுபடி கட்டி, திங்கட்கிழமை காலை அவர் கிளம்பும்போது பென்டிரைவை அவர் சட்டைப்பையில் போட்டாள்.

"ஏதாவது தப்பா வந்தா உடனே போன் பண்ணுங்க. எனக்கு லேப் இருந்தாலும் எடுப்பேன்."

"பண்றேன்."

அவர் போன் பண்ணவில்லை. பதினொரு மணிக்கு லேப் முடிந்ததும் இருப்புக் கொள்ளாமல் பஸ் பிடித்து அங்கே போய் இறங்கினாள். தட்டின் மேல் ஒரு ஜல்லி லாரி, அதன் பின்னால் வரிசையாக ஆறு லாரி. ஓட்டுநர்கள் ஜன்னல் பக்கம் கூட்டமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். தோளில் துண்டு போட்ட ஜல்லி லாரிக்காரர் அவளைப் பார்த்ததும் கையைத் தட்டினார்.

"அட, இதோ நம்ம தங்கச்சி வந்துடுச்சு!"

"யாருக்குண்ணே தங்கச்சி?" என்றாள் அவள், புரியாமல்.

"பின்ன? இவரு எங்க எல்லாருக்கும் அப்பான்னா, நீ எங்களுக்குத் தங்கச்சிதானே?" சீட்டை நீட்டினார். "எழுத்துல குடுத்திருக்காரும்மா. இனிமே மாத்த முடியாது."

வண்டி எண், சரக்கு, எடை, நேரம், எல்லாம் கச்சிதமாக இருந்தன. அடியில், கிழியாமல், மங்காமல், அவளே பார்த்துப் பார்த்துத் திருத்திய இடத்தில்: எடை போட்டவர்: அப்பா.

காது இரண்டும் சூடேறின. இன்னொரு ஓட்டுநர், "நான் வீட்டுக்குப் போய் எங்க அம்மாகிட்ட இதை எப்படிக் காட்டறது? அடிச்சுத் துரத்திடுவாங்க," என்றார். திரும்பவும் சிரிப்பு. அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அறைக்குள் ஓடினாள். அவர் எப்போதும்போல உட்கார்ந்திருந்தார். எண்கள் அடங்கின, பட்டனை அழுத்தினார், சீட்டு வந்தது. அதைக் கிழித்து, பேனாவை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டு ஜன்னல் வழியாக நீட்டினார். நகலை மேசை மேல் நின்ற கம்பியில் குத்தினார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. அரை நிமிஷம். நான் இங்கயே மாத்திடறேன், ஒரு வரிதான், சாயங்காலம் அணைக்கற வரைக்கும் தாங்கும்..."

"வண்டி நிக்குதும்மா. வரிசை கொறையட்டும்."

அவளுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கம்பியிலிருந்த நகல்களைப் புரட்டினாள். முப்பத்தெட்டு. முப்பத்தெட்டிலும் அந்தச் சொல் இருந்தது, முப்பத்தெட்டிலும் அதன் கீழே அவர் கையெழுத்து இருந்தது. பேனா கையில் இருந்தும் ஒன்றில்கூட அவர் அந்தச் சொல்லை அடிக்கவில்லை. முதல் ஐந்தாறு சீட்டுகளில் கையெழுத்து அவசரத்தில் கிறுக்கியதுபோல இருந்தது. போகப் போக அது நிதானமாகி, கடைசிச் சீட்டுகளில் பள்ளிக்கூடப் பையன் காப்பி எழுதியதுபோல அழகாக, அந்தச் சொல்லுக்கு நேர் கீழே, அதே அகலத்தில் உட்கார்ந்திருந்தது.

முதலாளி வந்தது அப்போதுதான். வண்டியை விட்டு இறங்கும்போதே குரல் வந்துவிட்டது.

"அந்தப் பக்கம் சரக்கு எடுக்கறவன் போன் பண்றான்யா. யாருங்க அந்த அப்பான்னு கேக்கறான்! நான் என்ன சொல்றது? சீட்டுல பேரு வேணும்னு கேட்டா, உறவுமுறையைப் போட்டு வெச்சிருக்கீங்க?"

"சார், என் தப்புதான் சார்," என்று அவள் ஆரம்பித்தாள்.

"நீ இரும்மா. நாளைக்கு எடையில தகராறு வந்தா எந்த அப்பான்னு நான் தேடிட்டுப் போறது? ஊர்ல பாதிப் பேரு அப்பாதான்!"

எடைமேடைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் முதலாளி முன்னால் நிமிர்ந்து பேசி அவள் பார்த்ததில்லை. இப்போதும் நிமிரவில்லை, கம்பியிலிருந்த நகல்களைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

"கையெழுத்து போட்டிருக்கேன்ல. நான்தான்."

"என்ன நான்தான்?"

"சீட்டுல இருக்கறது. நான்தான் அது."

முதலாளி அவரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். வாய்வரை வந்த ஏதோ ஒன்றை விழுங்கினார். அவருக்கும் வீட்டில் யாரோ இருந்திருக்க வேண்டும். "சரி, சரி. நாளைக் காலைல ஏழு மணிக்குப் பேரு ஒழுங்கா வரணும். இல்லேன்னா நான் கம்ப்யூட்டர் கம்பெனி ஆளுங்களைக் கூப்பிட்டுடுவேன், ஆமா," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

தட்டு காலியானதும் அவள் கேட்டாள், சுவரிலிருந்த விளக்கு சுவிட்சைப் பார்த்துக்கொண்டு.

"ஏன் போன் பண்ணலை? முதல் சீட்டுலயே தெரிஞ்சிருக்குமே."

"தப்பா வந்தாத்தானே பண்ணச் சொன்னே? எடை சரியா இருந்துச்சு. நேரம் சரியா இருந்துச்சு."

"அடியில இருக்கறதைப் படிக்கலையா?"

"படிச்சேனே," என்றார். அதற்குள் அடுத்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டு தட்டில் ஏற, அறை குலுங்கத் தொடங்கியது.

சாயங்காலம் அவள் வீட்டில் மேசை முன்னால் உட்கார்ந்து அந்த எட்டு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். துணிக்கடையில் பகல் முழுக்க அடுத்தவர்களுக்கு மடித்துவிட்டு வந்து வீட்டிலும் மடிக்கிறவள். மடித்த துணிகள் கடை அலமாரியில் இருப்பதுபோல விளிம்பு பிசகாமல் நிற்கும். அம்மாவுக்குச் சேதி முன்னமே வந்துவிட்டிருந்தது.

"ஏன்டி, ஊர்ல இருக்கற லாரிக்காரனுக்கெல்லாம் சீட்டு அடிச்சுக் குடுத்திருக்கே. எனக்கு ஒண்ணு கிடையாதா?"

"அம்மா, ப்ளீஸ். அவசரத்துல வந்துடுச்சு."

"சரி. அவசரத்துல வந்ததுதான்." அம்மா ஒரு சட்டையை உதறினாள். "பேரை மாத்திடு. அவருக்கு வேலை முக்கியம்."

அவள் மாற்றினாள். இனிஷியலோடு, அவர் கையெழுத்தில் எப்படி இருக்குமோ அப்படி, எழுத்துக்கூட்டிப் பார்த்து அடித்தாள். மேலே, திட்டத்தின் பதிப்பு எண்ணை ஒன்று புள்ளி ஒன்று என்று ஆக்கினாள். பில்ட் கொடுத்தாள். வரிகள் ஓட ஆரம்பித்தன. வேலை முடிந்துவிட்டது, ஆனாலும் கை விசைப்பலகையை விட்டு எழவில்லை. இன்னொரு ஃபோல்டரில் வீடு ப்ரொஃபைல் திறந்தே கிடந்தது. அங்கே சீட்டு கிடையாது, முதலாளி கிடையாது, தகராறும் கிடையாது. அங்கே என்ன இருக்க வேண்டும் என்று சொல்ல அவளைத் தவிர ஒரு ஆள் கிடையாது.

"அம்மா."

"ம்."

"அந்த வார்த்தையை இவங்களுக்குக் குடுத்துட்டா... அவருக்கு இல்லாம போயிடுமோன்னு இருக்கும்மா. தீந்துடற மாதிரி."

அம்மா மடிப்பதை நிறுத்தினாள். "தேய்ச்சா கரையறதுக்கு வார்த்தை என்ன சோப்பா?" என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவரு கோச்சுக்கறவரு இல்லடி. உனக்கு ஞாபகம் இருக்காது. அவருக்குக் கோவம் வரணும்னாலே அரை நாள் ஆகும். வந்து சேர்றதுக்குள்ள எதுக்கு வந்துச்சுன்னு மறந்துடுவாரு," என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்தபடியே கண்ணை மேல்கையால் துடைத்துக்கொண்டு, மடித்த சட்டையை எடுத்து மறுபடி முதலிலிருந்து மடித்தாள்.

அவர் வந்தது அதற்குப் பிறகு. வந்ததும் வராததுமாகப் பின்பக்கம் போய் முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவ ஆரம்பித்தார். எடைமேடைத் தூசி அப்படி, ஒரு தடவையில் போகாது. அதற்குள் அவள் வீடு ப்ரொஃபைலை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் கட்டி முடித்திருந்தாள். பென்டிரைவில் ஏற்றும் முன்னால் திரையிலேயே ஒரு சின்ன ஜன்னலில் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். ஓட்டினாள். கறுப்பாக இருந்தது, எழுத்துகள் ஓடின, பிறகு நீல நிறத்தில் ஒரு திரை வந்து, நடுவில் மூன்று பெட்டிகள் வரிசையாக நின்றன. யார் வேண்டுமோ அவர் பெயரைத் தொட்டு உள்ளே போகலாம்.

"வந்து பாருங்க," என்றாள், காற்றைப் பார்த்து. நுரை வழியும் கைகளை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் வாசல்படியில் வந்து நின்றார்.

"மாத்திட்டியா?"

"எடைமேடையில மாத்திட்டேன். உங்க பேரு. இனிஷியலோட."

"ம். நல்லதாப் போச்சு," என்றார். நல்லது நடந்தவரின் முகம்போல அது இல்லை.

"இது அது இல்ல. இது வீட்டுது," என்று அவள் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. முழங்கையிலிருந்து ஒரு சொட்டு நுரை தரையில் விழுந்தது. இன்னொரு சொட்டும் விழுந்தது.

"மொதல் ஆளு அம்மா. ரெண்டாவது நீ. மூணாவது என்ன? எழுத்து பொடியா இருக்கே. என் கை வேற ஈரம். நீயே படிச்சுச் சொல்லேன் டீச்சர்."

ஜன்னலுக்கு வெளியே இருபதடி தூரத்தில், சேறு அப்பிய லாரியின் எண்ணை ஒரே பார்வையில் படிக்கிறவர். அவள் பொது ப்ரொஃபைலுக்குள் போய், எழுத்தின் அளவைப் பன்னிரண்டிலிருந்து இருபத்துநாலாக ஆக்கி மறுபடி ஓட்டினாள்.

"இப்ப?"

"ம்ஹூம்."

நாற்பத்தெட்டு. "இப்ப?"

"என்னமோ கொசு உக்காந்த மாதிரி இருக்கு."

முன்னறையில் துணி உதறும் சத்தம் நின்றுபோயிருந்தது. அவள் தொண்ணூற்றாறு என்று அடித்தாள். இந்தத் தடவை பெட்டிகளுக்கு இடம் போதவில்லை. ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு, அம்மா மேல்விளிம்புக்கு வெளியே போய்விட்டாள், அரைநிமிஷம் பாதியில் வெட்டுப்பட்டு ஓரத்தில் தொங்கினாள், மிச்சத் திரை முழுக்க அந்த மூன்றே எழுத்து. அதன் நீல வெளிச்சம் அவர் முகத்தில், நுரையில், தூக்கிப் பிடித்த இரண்டு கைகளில் விழுந்துகொண்டிருந்தது.

"தெரியலையேம்மா," என்றார் அவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். எழுதியிருப்பதைப் படித்துக் காட்டுவதுதானே, அது கூப்பிடுவது ஆகிவிடாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆகிவிடுமா, ஆகாதா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?